ஆறுமணிக்குருவிக்கு முன்னால் ஓர் இலை

திண்டிவனத்தில் முப்பத்திரண்டு வருடம் கல்யாண போட்டோகிராபராக இருந்தவன் நான். "இப்படித் திரும்புங்க, கொஞ்சம் சிரிங்க" என்றால் கேட்கிற மனிதர்களை எடுத்துத்தான் பழக்கம். ஐம்பத்தாறு வயதில், எங்கள் ஊர் அச்சகக்காரர் செல்வராசு குழந்தைகளுக்கான பறவைப் புத்தகத்துக்குப் படம் கேட்டார். பதினொரு பறவைகள் முடிந்தன. பாக்கி ஆறுமணிக்குருவி.

"அட்டைப் படமே அதாண்ணே. ஜல்தியா முடிங்க" என்றார்.

அந்தக் குருவி வடக்கிலிருந்து தெற்கே போகும் வழியில் ஐப்பசி வாக்கில் சில நாள்தான் நம் பக்கம் தங்கும். விட்டால் அடுத்த வருடம்தான்.

காணை கிராமத்துக்குப் பக்கத்தில், காசியம்மாள் என்பவரின் கரும்புக் கொல்லையை ஒட்டி காரையும் களாவும் பின்னிக் கிடக்கும் முள்புதர். அவரிடம் கேட்டுக்கொண்டு விடியலில் போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு உள்ளேயிருந்து இரட்டை விசில்! இலைகளுக்கு நடுவே பச்சை முதுகும் தோளில் நீலமும் தெரிந்தன. அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஸ்கிரீனில் பார்த்தால் நூற்றுப் பத்துப் படத்திலும் முன்னால் இருந்த இலைதான் பளிச்சென்று இருந்தது. ஆட்டோ போகஸ் இலையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பின்னால் குருவி வெறும் கலர்ப்புகை.

மறுநாள் அரிவாளோடு போய், மறைத்த கிளைகளை வெட்டிச் சுத்தம் செய்தேன். மண்டபத்தில் மைக் ஸ்டாண்டை நகர்த்துவது மாதிரிதானே என்று நினைத்தேன். அன்று முழுக்க அந்தப் புதரிலிருந்து ஒரு விசில்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை புல்லறுக்க வந்த காசியம்மாள், வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா சார் இது? அது ஒளிஞ்சிக்கினு இருந்த எடத்தயே தொறந்து வுட்டுட்டீங்க. உங்க ஊட்டுக் கதவ எவனாச்சும் பேத்துக்கினு போனா, நீங்க உள்ள குந்திக்கினு சோறு துன்னுவீங்களா?"

"தப்புதாம்மா. போயிடுச்சோன்னு பயமா இருக்கு."

"வாய்க்கா ஓரம் இன்னும் அடர்த்தியா கீது. நேத்து சாயங்காலம் அங்கதான் கத்துச்சி. போய்ப் பாருங்க. ஆனா ஒரு இலையத் தொட்டீங்க, அப்பறம் கொல்லைக்குள்ளயே வுட மாட்டேன்."

வாய்க்கால் சேற்றில் குப்புறப் படுத்தேன். உள்ளங்கை அளவு இடைவெளி ஒன்று கிடைத்தது. இந்த முறை கையாலேயே திருப்பி வைக்கும் மேனுவல் போகஸ். அந்த இடைவெளிக்குப் பின்னால் தரையில் கிடந்த சருகில் போகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காசியம்மாளும் அறுப்பை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கொசு இரண்டு பேரையும் பிய்த்தது.

சருகு நகர்ந்தது. குருவி தத்தித் தத்தி வந்தது! ஒரு சருகைத் தூக்கி வீசிவிட்டு, அடியிலிருந்த மண்புழுவை இழுத்தது. அப்போதுதான் வயிற்றுக்குக் கீழே இருந்த சிவப்பு தெரிந்தது. மூச்சை அடக்கி அமுக்கினேன். ஆறே படம். அதற்குள் ஓடி மறைந்துவிட்டது.

ஸ்கிரீனை எட்டிப் பார்த்த காசியம்மாள், "யம்மாடி! எத்தினி கலரு! இத்தினி வருசமா கத்தறதக் கேட்டுக்கினு கீறேன், இப்பத்தான் மூஞ்சியப் பாக்கறேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சேறு அப்பிய சட்டையோடு சின்னப் பையன் மாதிரி குதித்தேன். மறுநாளும் போனோம். குருவி கிளம்பிவிட்டிருந்தது.

செல்வராசு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சூப்பர்ண்ணே. ஆனா மூலைல ஒரு இலை மங்கலா மறைக்குதே. அழிச்சிடட்டா?"

"வேணாம் செல்வராசு. அது இருக்கறதாலதான் குருவி வந்துச்சு."

புதிதாகக் கேமரா எடுக்கிறவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: இலை மறைத்தால் நீங்கள் நகருங்கள். இலையை நகர்த்தாதீர்கள்.