எத்தனையாவது சொட்டில் நீலம்

சாவிக்காரரின் கையை நம்பித்தான் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கைபேசிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிற கடை அவருடையது. தொலைந்துபோன சாவிக்கு, பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு புதுச் சாவி வெட்டிக் கொடுப்பார். அரத்தால் இரண்டு இழுப்பு, கட்டைவிரலால் ஒரு தடவல், மறுபடியும் அரை இழுப்பு. பூட்டு திறந்துகொள்ளும். நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்தக் கை அவரை ஏமாற்றியதில்லை. அதனால், மச்சினன் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கியபோது அவர் கொஞ்சமும் பயப்படவில்லை.

மச்சினனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஆறு மாதம் விடுதி அறையில் இருக்கவேண்டும். தொட்டியோ சாதாரண மீன்தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே இரண்டு மீன்கள், நான்கு பவளங்கள். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் சாவிக்காரர் அதுவரை நினைத்திருந்தார். இவை பாறையில் ஒட்டிக்கொண்டு, விளக்குப் போட்டால் விரிந்து, அணைத்தால் சுருங்கின.

"ஒண்ணுமில்ல மாமா. மீனுக்குத் தீனி போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. தண்ணி சரியா இருந்தா மிச்சத்தை அதுங்க பாத்துக்கும்."

"தண்ணியில என்ன மாப்ள சரி, தப்பு?"

"இந்தப் பவளமெல்லாம் தன்னோட எலும்பைத் தானே கட்டிக்குது. அதுக்கு ரெண்டு சரக்கு வேணும். ஒண்ணு கால்சியம், இன்னொண்ணு காரம், சோடா உப்புல இருக்கே அது. ரெண்டையும் தண்ணியில இருந்துதான் எடுக்கும். எடுத்தா குறையும். குறைஞ்சதை நாம போடணும். அவ்வளவுதான்."

போவதற்கு முன் ஒரு தாளில் 'கால்சியம் 420, காரம் 8' என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைக் கலந்தால் ரோஸ் நிறமாகும். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ரோஸ் நீலமாக மாறுகிற இடத்தில் நிறுத்தி, எவ்வளவு மருந்து செலவானது என்று பார்த்தால் கால்சியத்தின் அளவு தெரிந்துவிடும். காரத்துக்கும் அதே மாதிரிதான். அங்கே நீலம் மஞ்சளாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவி வேலைக்குப் போன பிறகு, சாவிக்காரர் சமையல் மேடையில் தனியாக நின்று செய்வார். பக்கத்தில் யாராவது நின்றால் கை கவனம் கெடும் என்பது அவர் எண்ணம்.

முதல் வாரம் காரம் எட்டு, கால்சியம் 350. குறைவு. மச்சினன் வைத்துவிட்டுப் போன கால்சியம் பொடியைக் கரைத்து ஊற்றினார். அடுத்த வாரம் 370. மறுபடி ஊற்றினார். அதற்கடுத்த வாரம் 345. சந்தேகம் வந்து, பத்து நிமிடம் கழித்து அதே தண்ணீரைப் பார்த்தார். 385. மூன்றாவது தடவை 360. ஒரே தொட்டி, ஒரே குப்பி, ஒரே கை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அதோடு விட்டதா? காரம் வேறு ஏழாகி, ஆறாகி, வாரா வாரம் இறங்கிக்கொண்டே போனது. மச்சினனுக்கு போன் போட்டார்.

"ரெண்டுமே குறையுதா? அப்ப பவளம் நல்லா வளருதுன்னு அர்த்தம் மாமா. ரெண்டையும் போடுங்க."

"வளர்ற மாதிரி தெரியலையே. கிளை கிளையா இருக்கே, அதோட நுனி எல்லாம் வெளுத்துக் கெடக்கு."

"அப்ப எனக்கும் புரியல மாமா" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் கால்சியம் ஊற்றினார். கையோடு காரத்துக்கான சோடாப் பொடியையும் கரைத்து ஊற்றினார். ஊற்றிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி முழுக்கப் பரவியது. யாரோ பாலைக் கவிழ்த்த மாதிரி. மீன்கள் ஒரு மூலையில் ஒண்டின. நான்கு பவளங்களும் சுருங்கிக்கொண்டன. மனைவி வேலை முடிந்து வந்தபோது அவர் தொட்டிக்கு எதிரே தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க?"

"தெரியல. ஒரு மண்ணும் தெரியல."

மறுநாள் சாயங்காலம், தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மனைவியின் மடியில் கொடுத்து, வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு அலங்கார மீன் கடைக்குப் போனார். கடையை நடத்துகிற பெண் பேசிக்கொண்டே சோதித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கால்சியம் 540 சார். எதுக்கு இவ்வளவு போட்டீங்க?"

"540ஆ? 360ம்மா. உங்க மருந்து கெட்டுப்போயிருக்கும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. புதுப் பெட்டியைப் பிரித்து அவர் கண்முன்னாலேயே மறுபடி செய்தாள். சிரிஞ்சிலிருந்து மருந்து சொட்டியது. பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் சாவிக்காரர் கையை நீட்டினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. நீலமாயிடுச்சு பாருங்க."

"எங்க சார்? இன்னும் ரோஸ்தான்."

"நீலம்மா அது!"

அவள் குப்பியை மனைவியின் பக்கம் திருப்பினாள். சாவிக்காரரின் மனைவி சலவைக் கடையில் கறை எடுப்பவள். எந்தத் துணியில் எந்தக் கறை, பழசா புதுசா என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவள் குப்பியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ரோஸ்ங்க. கொஞ்சம் ஊதா தட்டுது. நீலம் எங்க இருக்கு?"

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே அவர் முதலில் நினைத்தார். அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. கடைக்காரப் பெண் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே போனாள். அவருக்கு அதே நீலம், அதே நீலம். திடீரென்று மனைவி "இப்ப மாறிடுச்சு" என்றாள். என்ன மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே கண் டாக்டரிடம் போனார்கள். புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம் ஒன்றை டாக்டர் புரட்டிக் காட்டினார். மனைவி பின்னால் நின்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எண்ணை மனதுக்குள் படித்தாள். அவருக்குப் பல பக்கங்களில் வெறும் புள்ளிகள்தான்.

"பிறவியிலேயே இப்படித்தான். ரோஸ்ல, ஊதாவுல கலந்திருக்கிற செவப்பு உங்க கண்ணுக்குச் சரியா எட்டாது. நீலம், மஞ்சள் தெளிவாத் தெரியும்."

"இத்தனை வருஷமா எப்படிங்க தெரியாம இருந்துச்சு?"

"உங்ககிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

காரத்தின் கணக்கு ஏன் சரியாக இருந்தது, கால்சியத்தின் கணக்கு ஏன் ஆட்டம் காட்டியது என்று அப்போதுதான் விளங்கியது. பாதி வழியிலேயே நீலம் என்று நிறுத்தி, இல்லாத குறைக்குப் பொடி கொட்டியிருக்கிறார். அளவுக்கு மீறிய கால்சியம், தண்ணீரில் இருந்த காரத்தையும் ஊற்றிய காரத்தையும் பிடித்துச் சுண்ணாம்பாக்கி அடியில் தள்ளியிருக்கிறது. தண்ணீரின் குழப்பம் தீர்ந்தது. அவருடைய குழப்பம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"அந்தச் சுவரு என்ன கலர்?"

"பச்சை."

"அந்தக் கதவு?"

"செவப்பு. சிக்னல் போட்டாச்சு, வண்டிய எடுங்க."

வீடு வந்ததும் அவளிடம் கேட்டார். "இருபது வருஷமா கூட இருக்கியே, உனக்கு ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா?"

"ஒரு கால்ல பச்சை சாக்ஸ், ஒரு கால்ல பிரவுன் சாக்ஸ் போட்டுட்டுப் போவீங்க. அவசரத்துல போறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "நான் கறைக்காரிங்க. எனக்கே தெரியாமப் போச்சே."

கடையில் சாவித் தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் குல்லாய்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. அன்றிரவு மனைவி அவற்றை நிறவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டியில் போட்டு, மேலே நிறத்தின் பெயர் எழுதினாள். மறுநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தபோது சாவிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "போன தடவை செவப்பு மூடி கேட்டீங்களே, நான் என்ன குடுத்தேன்?"

வந்தவர் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். "பச்சை. செவப்பு தீந்துபோச்சு போலன்னு வாங்கிட்டுப் போனேன்."

இப்படி எத்தனை பேர் பேசாமல் வாங்கிப் போயிருப்பார்கள் என்று யோசித்ததில், அன்றைக்கு வெட்டிய ஒரு சாவி பூட்டில் சேரவில்லை. மறுபடி வெட்டினார்.

மீன் கடைக்காரப் பெண் சொன்னபடி கால்சியம் பொடியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீரை எடுத்துப் புது உப்புத் தண்ணீர் மாற்றினார்கள். கிளைப் பவளம் பிழைக்கவில்லை. மற்ற மூன்றும் ஒரு மாதத்தில் விரிந்தன. அவற்றில் காளான் போலத் தட்டையான ஒன்று, பக்கத்தில் குட்டி ஒன்றைக்கூட விட்டிருந்தது. அந்தக் காளான் பவளத்தைத்தான் அவர் முன்பு, நிறம் மங்கல் என்று ஓரத்தில் தள்ளி வைத்திருந்தார்.

"இது என்ன கலர்?"

மனைவி யோசித்தாள். "பீட்ரூட் சாறு வெள்ளைத் துணியில பட்டா, முதல் நாள் இருக்குமே…"

"கறையா சொல்லாதடி. அதுவும் எனக்குத் தெரியாது."

சிரித்துவிட்டு, அதை இருவருமாக நடுவில், விளக்குக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மச்சினன் தொட்டியை எடுத்துப்போக வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வேலை நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு சமையல் மேடையருகே குனிந்து குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கை நடுங்காமல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கு… இன்னும்… நிறுத்துங்க."

"420" என்று படித்தார் சாவிக்காரர். குப்பியை வெளிச்சத்தில் தூக்கி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உங்கக்காவைக் கேளு மாப்ள, தொட்டியைக் குடுக்கிறாளான்னு" என்றார்.

அக்கா கொடுக்கவில்லை.