எலுமிச்சைச் சாற்றில் தேறிய முத்து

எனக்குக் கல்யாணமான மூன்றாம் நாள், திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்த புகுந்த வீட்டில், என் அப்பாவின் யோக்கியதையை ஒரு கிண்ணம் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டார்கள். அப்பா சீதனமாகக் கொடுத்த முத்துத்தோடுதான் அது. பக்கத்துக் கிண்ணத்துச் சாற்றில் மாமியாரின் முத்துமாலை, சாட்சிக்கு.

"பொய் முத்துன்னா சாறு தின்னுபோடும், சாமி. நெச முத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் மாமியார். மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். கடலை அவர் பார்த்ததில்லை. நானும்தான்.

பொழுது சாய எடுத்துப் பார்த்தால் மாலை பளபளத்தது. என் தோடு சொரசொரத்து, மங்கிக் கிடந்தது.

"உங்கய்யன் நல்லா ஏமாத்திப்போட்டாரு" என்றார், உறவுசனம் அத்தனை பேரும் இருக்க. சேதி எட்டியபின் அப்பா அந்த வாசலை மிதிக்கவில்லை. நான்கே வருஷத்தில் கண்ணை மூடிவிட்டார். கொல்லையிலிருந்த எலுமிச்சை மரத்தை வெட்டிப்போட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது.

பின்னாளில் சேலத்து நகைக்கடைக்கு வந்திருந்த கீழக்கரை முத்து வியாபாரி ஒருவரிடம் என் தோட்டையும், நூல் மாற்றக் கொண்டுபோன மாமியாரின் மாலையையும் காட்டினேன். சிப்பிக்குள் ஏதாவது உறுத்தினால், சிப்பி அதன்மேல் தன் பூச்சைச் சுற்றிச் சுற்றிப் பூசுமாம், அதுதான் முத்து. ஜப்பான்காரர்கள் அந்த உறுத்தலைத் தாங்களே உள்ளே வைத்துவிடுகிறார்களாம். பூசுவது அப்போதும் சிப்பிதான்.

"அந்தப் பூச்சு சுண்ணாம்பு ஜாதிம்மா. புளிப்புப் பட்டா அரிச்சிரும். உங்க தோடு தன்னால விளைஞ்ச கடல் முத்து. மாலை கண்ணாடி மணி, மேல மீன் செதில் பூச்சு. எலுமிச்சை அதை ஒண்ணும் செய்யாது."

மூச்சிரைக்க வீடு வந்து சொன்னேன். மாமியார் சிரித்தார். "கண்ணுல பாத்ததை உட்டுப்போட்டு யாவாரி பேச்சை நம்பறயா, சாமி?" அந்த மாலையை என் மகளுக்கென்று எழுதிவைக்காத குறையாகக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் மகளுக்குக் கல்யாணம். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த சம்பந்தியம்மாள் மாலையைக் கையில் எடுத்து, "ஏனுங்க, ஒரு எலுமிச்சம்பழம் இருக்குங்களா?" என்றார். வியாபாரி சொன்னதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. மகள் முகத்தைப் பார்த்தேன். பழத்தை நானே அறுத்தேன்.

சாயங்காலம் மாலை பளபளத்தது. "அசல் முத்துங்க!" என்றார் சம்பந்தியம்மாள். என் காதில் கிடந்த மங்கிய தோட்டையும் ஒருமுறை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். மகள் தலைநிமிர்ந்து நின்றாள். என் அப்பாதான் மறுபடியும் தோற்றார். இந்தத் தடவை சாறு பிழிந்தது நான்.