பண்ணைக்காரி வீட்டுக் கோழி

கதைக்காகத் தகவல் தேடுவதில் எனக்கு ஒரு வெறி உண்டு. முட்டைப் பண்ணைக் கதை ஒன்றுக்காக நாலு பேரிடம் விசாரித்தபோதுதான், ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும் கொட்டகையில் பேருக்குக்கூட ஒரு சேவல் கிடையாது என்பதும், பழக்கமில்லாத நிறத்தில் சேலை கட்டிப் போனால் கோழிகள் மிரண்டு கொட்டகையே அலறும் என்பதும் தெரிந்தது. இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னால், "மொதல்ல சோத்தைப் போடு" என்பார்.

கதையை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. பண்ணையில் வேலை செய்யும் ஒருத்தி சாயங்காலம் வீடு திரும்பி, தான் வளர்க்கும் கோழியை மடியில் வைத்துக்கொண்டு மனக்குறையைக் கொட்டும் இடம் அவரை அழவைத்ததாம். எனக்கும் அந்த இடத்தின் மேல் கொள்ளை ஆசை. ஆனாலும் பண்ணைக்குள் கால் வைக்காமலே பண்ணைக் கதை அச்சேறுவது உறுத்திக்கொண்டே இருந்தது. சேந்தமங்கலம் பக்கம் ஒரு பண்ணைக்குக் கிளம்பிவிட்டேன்.

கேட்டில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "ஊட்டுல கோழி வளக்கறீங்களா?"

கோழி தெரிந்தவள் என்று மதிப்பார் என நினைத்து, "ரெண்டு நாட்டுக்கோழி இருக்குதுங்க" என்றேன் பெருமையாக.

"அப்ப உள்ள உட முடியாதுங்க. நோய் ஒட்டிக்கிட்டு வந்துருமுங்க. இங்க வேலை செய்யறவங்க ஆருமே ஊட்டுல கோழி வளக்கக் கூடாதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையின் உயிரான இடமே பொய்யாகிவிட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அப்படியே திரும்பிப் போவதாக இல்லை. வேலை முடிந்து வரும் ஒருவரிடமாவது பேசிவிடுவது என்று ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வெளியே வந்த ஓர் அம்மாவிடம், வேலைக்குச் சேரும் முன் வீட்டில் கோழி இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சுங்க. எல்லாத்தையும் வித்துப்போட்டனுங்க. ஒண்ணை மட்டும் வெலைக்குக் குடுக்க மனசு வரலீங்க. கடைசில கொழம்பு வெச்சுட்டேன். புள்ளைக தின்னாங்க. நான் ரசத்தை ஊத்திக்கிட்டனுங்க."

கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி நின்றார். "இப்பப் பக்கத்து ஊட்டுக் கோழி வாசலுக்கு வந்தாலும் கல்லெடுத்துத் தொரத்திருவேன், சாமி. காலைச் சுத்துச்சுன்னா, அப்பறம் இந்த வேலைக்கு வர மனசு வராதுங்க."

பஸ் ஏறும் முன்பே ஆசிரியருக்குப் போன் போட்டேன். அந்த இடத்தை எடுத்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்றேன். இதழ் அச்சுக்குப் போகிறது, கதையின் உச்சமே அதுதான் என்றார் அவர்.

"யாரும்மா இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?"

"அவ மடியில கோழி இல்லீங்க சார்" என்றேன். "கதையை நிறுத்திடுங்க."