தன் பெயரைத் தானே கூப்பிட்ட மஹ்ரிப்

லொம்பொக் தீவின் தெற்கே, கல்யாணம், விவாகரத்து, சொத்துப் பங்கு என்று குடும்ப விவகாரங்களைப் பார்க்கும் அந்தச் சின்ன நீதிமன்றத்துக்கு அரசாங்கம் ஒரு மைக் செட் கொடுத்திருந்தது. ஏழு வருஷமாக அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெயர் கூப்பிடும் டவாலி மஹ்ரிப் இருக்கும்போது அது எதற்கு? வராந்தாவில் நின்று அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்த ஆள் எதிர்ச்சாரிக் கடையில் வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாலும் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவார். ஒருமுறை "நூர்ஹசன்!" என்று கூப்பிட்டதற்கு, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று நூர்ஹசன்கள் தெருவிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதில் ஒருவர் சைக்கிளில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

புகையிலைத் தோட்டத்தில் இலை கிள்ளியவரின் மகன். குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சட்டை போட்டவர். அந்தச் சட்டையை மனைவி ஜுமேனா தொட்டாலே "கசங்கும்!" என்று அலறுவார். நீதிபதிகளின் கறுப்பு அங்கிகளை இஸ்திரி போடுவதும் அவரேதான். அது அவர் வேலையில் இல்லை, ஆனாலும் வேறு யாரையும் விடமாட்டார்.

அதனால்தான் அந்தப் புது விதி வந்த வருஷம் மஹ்ரிப் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று உலக நாடுகளோடு சேர்ந்து நம் நாடு கையெழுத்துப் போட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கையெழுத்து ஜகார்த்தாவிலிருந்து ஆமை மாதிரி நகர்ந்து, சட்டமாகி, பெரிய கோர்ட்டில் ஒரு குட்டுப் பட்டு, பெண்ணுக்கும் பத்தொன்பது வயசு ஆகாமல் கல்யாணம் கிடையாது என்று முடிந்தது. அவசரம் என்று யாராவது விலக்குக் கேட்டால் நீதிபதி விசாரிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது என்று உச்ச நீதிமன்றம் ஒரு விதி எழுதி அனுப்பியது. பிள்ளையை நேரில் கேட்கவேண்டும். பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் கேட்கவேண்டும். பிள்ளையைக் கேட்காமல் தீர்ப்பு எழுதினால் அந்தத் தீர்ப்பே செல்லாது. அப்புறம் ஒரு வரி: நீதிபதி அங்கி போடக்கூடாது.

"போடக்கூடாதாம்! அங்கி இல்லாத ஜட்ஜு, இறகு இல்லாத கோழி மாதிரி இருக்காதா?" என்று வீட்டில் பொருமினார் மஹ்ரிப்.

"கோழியைச் சமைக்கணும்னா இறகை எடுத்துத்தானே ஆகணும்" என்றாள் ஜுமேனா.

மஹ்ரிப்புக்கு ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பக்கம் ஒரு பையனும் பெண்ணும் கல்யாணத்துக்காகச் சேர்ந்து கிளம்பிவிட்டால், பையன் வீட்டார் பெண்ணின் ஊருக்கு ஓர் ஆளை அனுப்பிச் சொல்லவேண்டும்: உங்கள் பெண் எங்களிடம் பத்திரமாக இருக்கிறாள், தேடாதீர்கள், கல்யாணம் பேசலாம். இந்தச் சொல்லியனுப்புதலுக்குக் குரலும் வேண்டும், தலைக்கட்டும் சரோங்கும் எடுப்பாக இருக்கவும் வேண்டும். மஹ்ரிப்பிடம் எல்லாம் இருந்தன. இருபத்திரண்டு முறை போயிருக்கிறார், ஒன்றுகூடப் பிசகியதில்லை. அவர் நீட்டும் வெற்றிலைத் தட்டைப் பெண் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள் என்றால் சொன்ன சொல் கல்லில் வெட்டியது போல.

இருபத்துமூன்றாவது முறைதான் வினையாகிப் போனது.

பிப்ரவரியில் கடற்புழு பிடிக்கும் நாள். நியாலே என்கிற அந்தப் பச்சையும் சிவப்புமான புழுக்கள் வருஷத்தில் ஒருநாள் விடியுமுன் கரைக்கு வரும். தீவே வாளியைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கி நிற்கும். மஹ்ரிப்பின் ஊர்ப் பையன் சுல்ஹானும், பக்கத்து ஊர்ப் பெண் ஹேனியும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். இருவரும் ஒரே தொழிற்பள்ளி. அவனுக்குப் பதினேழு, அவளுக்குப் பதினாறு. மற்ற எல்லாரும் காலை எட்டு மணிக்குள் திரும்பி, புழுவைத் தேங்காயோடு வதக்கித் தின்றும் முடித்துவிட்டார்கள். இவர்களை மட்டும் காணோம்.

பத்து மணிக்கு சுல்ஹானின் அப்பா, அமாக் சுல், தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். எங்கள் ஊரில் தகப்பனைத் தலைப்பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவோம். "ஏம்ப்பா மஹ்ரிப், ஒருவேளை ரெண்டும் ஓடிப்போயிருந்தா, அவங்க ஆளுங்க கம்பைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி நாம..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மஹ்ரிப் ஏற்கெனவே தலைக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். 'ஒருவேளை' என்ற சொல் அமாக் சுல்லோடு வாசலிலேயே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் மஹ்ரிப்போடு வண்டியேறிப் பெண்ணின் ஊருக்குப் போய், அந்தக் குரலில், ஊர் நடுவில், முழங்கியது. பெண்ணின் அப்பா அமாக் ஹேனி தலைகுனிந்து வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஹேனி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கைவரை கிரீஸ். பின்னால் சுல்ஹான், செத்துப்போன புழு வாளியோடு, அழுதுகொண்டு.

டயரில் நாலு ஓட்டை. இதுதான் நடந்தது. ஆனால் யார் கேட்டார்கள்? சொல்லியாகிவிட்டது, தட்டும் வாங்கியாகிவிட்டது. அதைத் திரும்பப் பெறும் வழி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பதிவு அலுவலகம் வயசைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. இரண்டு தகப்பன்மாரும் விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள். மஹ்ரிப் வேலை பார்க்கும் அதே நீதிமன்றத்தில்.

"அந்தப் பொண்ணு மெக்கானிக் படிக்குது. இப்ப அடுப்புக்கு ரிப்பேர் பார்க்கப் போகுது, உன் வாயால" என்றாள் ஜுமேனா.

"கோர்ட்டு பார்த்துக்கும்."

"கோர்ட்டுன்னா யாரு? வாசல்ல நீதானே நிக்கறே!"

மஹ்ரிப் அரசாங்கச் சட்டையைத் தானே கசக்கிக்கொண்டு நின்றார். அவசரப்பட்டுவிட்டேன் என்று ஊரில் ஒரு வார்த்தை சொல்லலாம்தான். சொன்னால் அந்த இருபத்திரண்டின் பெருமை என்னாவது?

விசாரணை நாள். நீதிபதி எண்டா பிராஸ்திவி, ஜாவாவிலிருந்து மாற்றலாகி வந்த பெண்மணி, முப்பத்தாறு வயது. அங்கி இல்லாமல், பூப்போட்ட மேல்சட்டையும் தோளில் துணிப்பையுமாக வராந்தாவில் வந்தார்.

"ஏம்மா, ஜெராக்ஸ் பொண்ணே," என்று அவரை நிறுத்தினார் அமாக் ஹேனி, "ஜட்ஜு வந்தாச்சா? எங்க பொண்ணுக்கு 'சம்மதம், சம்மதம்'னு சொல்லக் கத்துக்கொடுத்திருக்கோம். நேரமானா மறந்துடும்."

"அப்படியா? ஜட்ஜுகிட்ட நான் சொல்லிடறேன்" என்று நீதிபதி சிரிக்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். மஹ்ரிப் தூணைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் பிள்ளைகள் மட்டும், பெற்றோர் வெளியே. மஹ்ரிப் கதவின் பிடியைப் பிடித்தபடி காவல் நின்றார். "நான் பெத்த பொண்ணு, நான் இல்லாம என்ன பேச்சு?" என்று அமாக் ஹேனி முட்டிக்கொண்டு வர, "விதிண்ணே, விதி! நீங்க உள்ள போனா தீர்ப்பு செல்லாது, மறுபடியும் முதல்லேருந்து மனுப் போடணும்" என்று மஹ்ரிப் வயிற்றால் தள்ளினார். அந்த விதியை அவர் நூறு பிரதி எடுத்தவர். அங்கியைப் பறித்த வரியைத் திட்டிக்கொண்டே எடுத்ததில் மற்ற வரிகளும் மனப்பாடமாகிவிட்டன.

பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

"உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா கண்ணு? வேணாம்னு சொன்னாலும் இங்க யாரும் திட்டமாட்டாங்க."

மஹ்ரிப் பலகையில் காதை ஒட்டினார்.

"சம்மதம்" என்றாள் ஹேனி. பிறகு, "இது அப்பா சொல்லச் சொன்னது. சொல்லிட்டேன். இப்ப நான் சொல்லலாமா?"

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

பை சரசரத்தது. அவள் எதையோ மேசைமேல் வைத்தாள். "டியூப். பாருங்க, நாலு ஓட்டை. இந்த ரெண்டை நான் ஒட்டினேன், பசை காஞ்சுபோயிருந்துச்சு, பக்கத்து ஊர்ல போய் வாங்கிட்டு வந்தேன். மூணாவதை ஒட்டறதுக்குள்ள பசை தீர்ந்துபோச்சு. நாலு மணி நேரம் வெயில்ல இருந்தோம். இவன் ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக்கொடுக்கலைங்க. புழு செத்துப்போகுதுன்னு அழுதான். நான் படிப்பை முடிக்கணும்."

"தம்பி, நீ என்ன சொல்றே?"

"அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றான் சுல்ஹான். "ஆனா எனக்குப் பயமா இருக்கு ஜட்ஜம்மா. இவளைக் கட்டிக்கிட்டா தினமும் செயினுக்கு எண்ணெய் போடச் சொல்லுவா."

அப்புறம் பெற்றோர் முறை. அமாக் ஹேனி உள்ளே நுழைந்து, ஜெராக்ஸ் பெண் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி மஹ்ரிப்பின் மேல் மோதி, திரும்பவும் உள்ளே போனார். அதற்குமேல் அவருக்குக் குரல் எழும்பவில்லை. அமாக் சுல் மட்டுமே பேசினார்.

"பிள்ளைங்க மேல தப்பு இல்லம்மா. எங்களுக்கே தெரியும். ஆனா சொல்லியனுப்பியாச்சு. அதை எப்படித் திரும்ப வாங்கறது?"

"ரெண்டு பேரும் ஓடிப்போனதைப் பார்த்தவங்க யாரு?"

"பார்த்தவங்க யாரும் இல்ல."

"சொன்னவர்?"

இரண்டு தகப்பன்மாரின் கையும் ஒரே நேரத்தில் கதவைக் காட்டியிருக்கவேண்டும். ஏனென்றால் கதவு திறந்தது, எழுத்தர் ஒரு துண்டுக் காகிதத்தை மஹ்ரிப்பிடம் நீட்டினார். "சாட்சியைக் கூப்பிடுங்க."

மஹ்ரிப் வாசித்தார். மஹ்ரிப் பின் சாலே, அதாவது சாலேயின் மகன் மஹ்ரிப். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். அதே பெயர். ஊரில் வேறு மஹ்ரிப் பின் சாலே உண்டா என்று ஒரு கணம் யோசித்தார், இல்லை. ஓடலாமா என்றும் யோசித்தார். ஆனால் மூன்று முறை கூப்பிடாமல் சாட்சி வரவில்லை என்று எழுத முடியாது. இருபத்தாறு வருஷமாக அவர் தவறவிடாத முறை அது.

வராந்தாவின் நடுவில் வந்து நின்றார், நெஞ்சை நிமிர்த்தினார்.

"சாட்சி! மஹ்ரிப் பின் சாலே!"

எதிர்க்கடையில் எண்ணெய்ச் சட்டி தவிர எல்லாம் நின்றுவிட்டது. வறுத்த வாழைப்பழம் விற்கிற அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "அது நீதானேய்யா?"

"மஹ்ரிப் பின் சாலே!"

"தோ, அங்க நிக்கிறாரே, பெரிய வாய்க்காரர், பிடிங்க!" என்று விவாகரத்துக்கு வந்திருந்த ஒருவர் கத்தினார். அவரும், அவரை விவாகரத்து செய்ய வந்திருந்த மனைவியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். (அவர்கள் அன்று மனுவை வாபஸ் வாங்கிப் போனதாக எழுத்தர் சொல்வார். எனக்கு நம்பிக்கை இல்லை.)

மூன்றாவது முறை குரல் உடைந்தது. "மஹ்ரிப்... பின் சாலே."

பிறகு அவரே, யாருக்கும் கேட்காத சின்னக் குரலில், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சத்தியம் வாங்கியபின் நீதிபதி கேட்டார்: "ரெண்டு பேரும் கல்யாணத்துக்காகக் கிளம்பினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மஹ்ரிப் ஐயா?"

மூலையில் ஹேனி உட்கார்ந்திருந்தாள், மடியில் டியூபோடு. அவரைக் கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. இன்னும் எத்தனை ஓட்டை இருக்கிறதோ என்று எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டும் மஹ்ரிப்பின் தொண்டையில் வந்து நின்றன. அவற்றை விழுங்கினார்.

"தெரியாதும்மா. அமாக் சுல் 'ஒருவேளை'ன்னு ஆரம்பிச்சார். நான் மிச்சத்தைக் கேக்கலை. தலைக்கட்டு கட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லிட்டேன். எனக்குச் சொல்றதுன்னா ரொம்பப் பிடிக்கும். கண்ணால எதையும் பார்க்கலை. தப்பு என்னோடது, பிள்ளைங்களோடது இல்ல."

நீதிபதி எழுதினார். எழுத எழுத உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு எளிமையாகவே சொன்னார். சட்டம் பத்தொன்பது என்கிறது. அவசரம் இருந்தால்தான் விலக்கு. அவசரம் மஹ்ரிப்பின் வாயில் இருந்தது, பிள்ளைகளிடம் இல்லை. இருவரும் வேண்டாம் என்கிறார்கள், பெண்ணுக்குப் படிப்பு இருக்கிறது. மனு தள்ளுபடி.

"அப்ப ஊருக்கு என்னம்மா பதில் சொல்றது? தட்டு என் வீட்டுல இருக்கே!" என்றார் அமாக் ஹேனி. அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பெண் வீட்டிலேயே இருப்பாள் என்ற சந்தோஷமும் அதில் பாதி இருந்திருக்கும்.

"நான் சொல்றேன்" என்றார் மஹ்ரிப்.

மறுநாள் காலை அதே தலைக்கட்டு, அதே சரோங், அதே வண்டி. பெண்ணின் ஊர் நடுவில் போய் நின்றார். கோழிகளைத் துரத்திவிட்டு ஜனம் கூடியது.

"இந்த ஊர்ப் பெரியவங்களே! போன தடவை வந்து, உங்க பொண்ணு எங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னேன். இல்ல. எங்க பையன்தான் உங்க பொண்ணுகிட்ட பத்திரமா இருந்தான். அவன் அவளைக் கூட்டிட்டுப் போகலை, அவதான் அவனையும் வண்டியையும் புழுவையும் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தா. கோர்ட்டு சொல்லிடுச்சு. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன். தட்டைக் கொடுங்க!"

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இதுக்கு நாங்க என்னப்பா பதில் சொல்லணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? இந்தச் சடங்கை நானே இப்பதான் கண்டுபிடிச்சேன்."

முதலில் சிரித்தது இனாக் ஹேனி, ஹேனியின் அம்மா. அப்புறம் அடக்க முடியவில்லை. அமாக் ஹேனி தட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கல்யாண மேளம் இல்லாமலே நாலடி ஆடிவந்து கொடுத்தார்.

மஹ்ரிப் பெருமையாக வண்டியில் ஏறினார். வண்டி நகரவில்லை.

"பின்னாடி டயர்ல காத்து இல்லீங்களே" என்றாள் ஹேனி. கையில் கிரீஸ், முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். "வால்வு கழண்டிருக்கும் போல. பம்பு பள்ளிக்கூடத்துல இருக்கு. தள்ளிக்கிட்டே போயிடுங்களேன், நாலு கிலோமீட்டர்தானே?"

ஒரு கையில் தட்டும் மறுகையில் வண்டியுமாக, வெயிலில், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே அவர் வீடு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. வாசலில் ஜுமேனா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"இவ்வளவு நேரமா ஆளைக் காணோம்" என்றாள். "ஆனா நான் யாருக்கும் சொல்லியனுப்பலை. கண்ணால பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்னு இருந்துட்டேன்."