ஜாமீன் கிடைத்த பிறகும் மூன்று மாதம்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறையில் நடந்தது இது. நான் திண்டிவனத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் பெண் வக்கீல். அன்றைக்கு வேறொரு கட்சிக்காரரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.

"குற்றவாளிக்காக எப்படி மேடம் ஆஜராகிறீங்க?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கல்யாண வீட்டில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். அதற்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்வேன். தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று.

கையெழுத்து வாங்கிவிட்டுத் திரும்பும்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. இளைத்து, தாடி வளர்ந்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவர் ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஓமந்தூர் பக்கத்துக் கூலித் தொழிலாளி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை திருடியதாக முந்தின கார்த்திகையில் கைதானவர். மூட்டை காணாமல் போன கொட்டகையில் அவர் சுமை தூக்கும் வேலை பார்த்தவர் என்பதால் போலீஸ் முதலில் அவரைத்தான் பிடித்தது. திண்டிவனத்தில் ஜாமீன் மனு தள்ளுபடியானதும் விழுப்புரம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் வாதாடினேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஜாமீனும் வாங்கிவிட்டேன்.

அந்த மனிதர்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஜாமீன் எப்ப கெடைக்குங்க மேடம்? பொங்கல் கழிச்சி வந்துடும்னு வூட்ல சொல்லிச்சி. இப்ப சித்திரையே பொறந்துட்ச்சி."

அவர் குரலில் கோபம் இல்லை. கடையில் பொருள் வந்துவிட்டதா என்று விசாரிப்பது போலக் கேட்டார்.  ஜாமீன் கிடைத்ததே அவருக்குத் தெரியாது. அவர் இன்னும் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. "சீக்கிரம் வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கே தவறியது என்று பஸ்ஸில் வரும்போதே விளங்கிவிட்டது. ஜாமீன் உத்தரவு வந்தால் மட்டும் போதாது. இரண்டு பேர் கோர்ட்டுக்கு வந்து, இவருக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் சிறைக்கதவு திறக்கும். ஜாமீன் கிடைத்த அன்றைக்கு அவர் மனைவி கோர்ட் வாசலில் நின்றிருந்தார். அடுத்த வழக்குக்கு ஓடிக்கொண்டே அவரிடம் சொன்னேன்: ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வா, மற்றதை குமாஸ்தா பார்த்துப்பார். அந்தம்மா தலையாட்டினார். நானும் போய்விட்டேன். என் குமாஸ்தா மாலை போட்டு அந்த வாரம்தான் சபரிமலைக்குப் புறப்பட்டிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் வழக்குக் கட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. முடிந்துபோன வழக்கு என்று கட்டின் மேல் எழுதி அலமாரியில் வைத்தது நான்தான்.

திண்டிவனத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்து நேராக அவர் ஊருக்குப் போனேன். காலனியின் கடைசியில் ஓட்டு வீடு. ஒரு பெண் பிள்ளை இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கரும்பு வெட்டப் போயிருக்கிறார், பொழுது சாய வருவார் என்றாள். சும்மா பேச்சுக்காக என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"பத்தாவது படிச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

பொதுத்தேர்வு முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எழுதினாயா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா இல்லாததால் அம்மா தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தை மாதத்திலிருந்தே அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதையெல்லாம் நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியும். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொழுது சாய்ந்ததும் தாய் வந்தார். கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கீறல். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்கார நாற்காலி வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்கு ஓடப் பார்த்தார். பிடித்து நிறுத்தி விஷயத்தைக் கேட்டேன்.

காலனியில் யாருக்கும் அவரவர் பெயரில் வரி ரசீது இல்லை. ஊருக்குள் ரசீது வைத்திருப்பவர்கள் யாரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். புகார் கொடுத்தவர் ஊரில் பெரிய நிலக்காரர். அவரிடம் வேலைக்குப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். வேறு ஊரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு இருக்கும் கணவரின் கூடப்பிறந்த அண்ணன்கூட, எனக்கு எதுக்கு இந்த வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். இதைப் போய்ச் சிறையில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? ஜாமீன் கிடைத்தும் அழைத்துப் போக ஒரு ஆள் இல்லை என்று தெரிந்தால் அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து, இன்னும் ஜாமீன் வரவில்லை என்றே அந்தம்மா சொல்லிவந்திருக்கிறார்.

என்னிடம் ஏன் வந்து சொல்லவில்லை என்று கொஞ்சம் கடிந்துதான் கேட்டேன்.

"ரெண்டு தபா வந்தேங்க. நீங்க போன்ல பேசிக்கினு இருந்தீங்க. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் குந்திக்கினு இருந்தாங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு போய்ட்டேன்."

அவர் வந்து நின்றது எனக்கு நினைவே இல்லை. இன்றுவரை எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், அந்த முகம் என் அலுவலக வாசலில் இருந்ததாக ஞாபகம் வரவில்லை.

ஆள் பிணை கொடுக்க வசதியில்லாதவரைச் சொந்தப் பொறுப்பிலேயே விடும்படி கேட்டு மனுப் போடலாம். அதற்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். மறுநாள் காலையிலேயே எழுதி விழுப்புரத்தில் தாக்கல் செய்தேன். விசாரணைக்கு எடுத்த நீதிபதி, தேதிகளைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். குடும்பம் மிகவும் ஏழ்மையானது, பிணைதாரர் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் மறந்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சுற்றிலும் சக வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி மனுவை அனுமதித்துவிட்டு, இப்படிப்பட்டவர்களுக்காக அக்கறை எடுத்துக்கொண்டு வந்ததற்கு என்னைப் பாராட்டினார். பின்னால் சுவரோரம் நின்ற அந்தம்மாவுக்கு என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. நீதிபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை நோக்கிக் கைகூப்பினார். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட கூச்சம் வேறு எந்தத் தோல்வியிலும் ஏற்பட்டதில்லை.

அவர் வெளியே வந்தார். பிள்ளையை ஜூன் மாதத் துணைத்தேர்வு எழுதச் சொல்லி நான் இரண்டு முறை போய்ப் பேசினேன். புத்தகத்தை எடுத்துப் பல மாதம் ஆகிவிட்டது, இனிமேல் படிப்பு ஏறாது என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். இப்போது வளவனூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் அந்தக் கடைத்தெருவில் இறங்குவதில்லை.

வழக்கு இரண்டு வருடம் நடந்து அவர் விடுதலையானார். திருடினாரா இல்லையா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. எங்கள் தொழிலில் கேட்க மாட்டோம். தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் கணவனும் மனைவியும் என் அலுவலகத்துக்கு வந்து நன்றி சொன்னார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி வந்து நின்றபோது நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த வாரமே மனுப் போட்டிருக்கலாம் என்று சொன்னேன். அந்தம்மா உடனே, நாங்கதான் விவரமாக எடுத்துச் சொல்லாமல் போய்விட்டோம் என்று பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.  கணவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப பொங்கல் முடிஞ்ச கையோட நான் வந்திருக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் ஜாமீன் கிடைத்தால், ஆள் சிறைவாசலைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வரும்வரை நான் வழக்குக் கட்டை மூடுவதில்லை. அதனால் போனது எதுவும் திரும்பி வந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இத்தனை வருடத் தொழிலில் எத்தனை பேருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று இளம் வக்கீல்கள் யாராவது கேட்டால், ஜெயித்த வழக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. நான் நிமிர்ந்து பார்க்காததால் ஒருவர் உள்ளேயே இருந்த அந்த மூன்று மாதங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன.