தண்ணிப் பாட்டில் திக்கியது மிஷின் இல்லை

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை கரும்பு டிராக்டரெல்லாம் அலறவிடுகிற ‘தண்ணி வந்துச்சி’ பாட்டை முழுக்க என் மூளையால் செய்தேன்.

பொய்! அதில் வருவது என் கூட்டாளி வேலுவின் திக்குவாய். அவனைக் கிண்டல் செய்யத்தான் வெட்டி ஒட்டினேன். இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். என் கையெழுத்தை நானே இரண்டு முறை படித்தால்தான் புரியும். ஆனால் எங்கள் பக்கம் வந்து ‘டபுள் மோட்டார்’ பாட்டு செட் யார் என்று கேட்டுப் பாருங்கள்... நானும் வேலுவும்தான்! ‘கரும்பு லோடு’, ‘மாமன் சீரு’ எல்லாம் நாங்கள் போட்ட தாள அடி. அரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்தில் ‘மாமன் சீரு’ போட்டதும், தாய்மாமனே தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆடினார். குழந்தை அழுததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

லேப்டாப்பில் பாட்டுச் செய்வது வேலு. மேடையில் கையைத் தூக்கிக் குதிப்பது நான். குதிக்கவும் ஒரு திறமை வேண்டாமா?

வேலுவுக்குப் பேசினால் திக்கும், பாடினால் திக்காது. பஸ்ஸில் ‘பாகூர்’ என்று சொல்ல வராமல், வாயில் சுலபமாக வரும் அடுத்த ஊருக்கு டிக்கெட் கேட்டு, இறங்கித் திரும்பி நடந்து வருவான். எத்தனை வருடம்!

அன்று செலியமேட்டில் அவன் வயலில், மோட்டார் கொட்டகைக்குள் பதிவு செய்தோம். ‘தண்ணி வந்துச்சி’ என்று எங்கும் தட்டாமல் பாடி முடித்தான். வெளியே எட்டிப் பார்த்தால், வரப்பு உடைந்து பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகிறது.

“டேய், த... த... த... தண்ணி!”

கத்திவிட்டு மண்வெட்டியோடு ஓடினான். மைக் ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை.

அவன் வரப்பை அடைப்பதற்குள் அந்த ‘த... த... த’வை வெட்டி, குரலைக் கொஞ்சம் ஏற்றி, அடிக்கு நடுவே செருகினேன். அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவ்வளவுதான் கற்றிருந்தேன். நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினேன். சிரிக்கத்தான்... வேறெதற்கு? ஒரே வாரத்தில் டிராக்டர், கல்யாணம், திருவிழா... ஊரே ஆடியது!

வேலு வந்து கேட்டான். நீ பாடியதைத்தான் மிஷின் அப்படி வெட்டியது என்றேன். சுருதி ஏற்றியதில் அவன் குரலே அவனுக்குப் பிடிபடவில்லை, நம்பினான். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

“மிஷினே திக்குது, அதுக்கு ஊரே ஆடுதுடா. நான் திக்குனா இன்னா?” என்றான்.

அன்று முதல் பேச ஆரம்பித்தான். திக்கித் திக்கி, கூசாமல். பஸ்ஸில் பாகூருக்கே டிக்கெட் கேட்கிறான். மேடையில் மைக் பிடிக்கிறான்.

இப்போது நான் எதைச் சொல்ல? உண்மையைச் சொன்னால் அவன் மறுபடி வாயை மூடிக்கொள்வானோ? அவனுக்காகத்தான் மறைக்கிறேனா... இல்லை, என் தோலைக் காப்பாற்றவா? கூட்டம் ‘த... த... த’ என்று கத்தும்போது, யாரைப் போலக் கத்துகிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் எல்லாரையும்விட உயரமாகக் குதிக்கிறேன். பெருமையாகவும் இருக்கிறது, வெட்கங்கெட்டவனுக்கு! என்ன அடி அது!

இதை வில்லியனூரில், ஒரு கல்யாண வரவேற்பில், ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன். மேடையில் மாப்பிள்ளை அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கேட்கிறார். வேலு மைக்கில் சிரிக்கிறான்.

“அ... அத என் பார்ட்னரு சொன்னாத்தான் நல்லா இருக்கும். டேய் சங்கரு, வாடா. மி... மிஷினு கதைய சொல்லு.”

கை தட்டுகிறார்கள். போக வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்று அவன் திக்காமல் பாடியது, நான் கை வைக்காத முழுப் பாட்டு, இன்னும் என் போனில் இருக்கிறது. எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறான் தெரியுமா! அதை நான் ஏன் இதுவரை யாருக்கும்...

“டேய், இ... இன்னாடா பண்ற அங்க? வா.”