ருசி பார்க்க வந்தவர்

பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்வதென்றால் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

திருநீர்மலை சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் உள்ள அங்கன்வாடியில் நான் உதவியாளர். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் தெருவில் எல்லாருக்கும் அது பால்வாடி, நான் ஆயா. பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டி வருவது, பெருக்குவது, சமைப்பது, ஊட்டுவது எல்லாம் என் வேலை. பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் எடை பார்ப்பதும் டீச்சர் வேலை. அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் அரசு கொடுப்பது. பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் மதியச் சோறு உண்டு. எங்கள் மையத்துக்கு அப்படி வருகிறவர் ஒருவர்தான். முன்பு கூடையில் மீன் விற்ற அம்மா அவர். கையில் தூக்குவாளியும் வாயில் வெற்றிலையுமாக வருவார்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இந்த இரண்டு கணக்கிலும் இடமில்லை. இந்த ஊரின் பழைய குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது. மூன்று மாடி வீடு, கீழே மகன் குடும்பத்தோடு அவர், மேலே குடித்தனக்காரர்கள். மனைவி இறந்துவிட்டார். மகனும் மருமகளும் காலையில் காரில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள்.

ஒரு நாள் அவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்த பிள்ளைகளின் பந்தைக் கொடுக்க வந்தார். அப்போது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு சின்னப் பெண் உண்டு. அவளுடைய அம்மா ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவள். அந்தப் பெண் தட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாளே தவிர, சாப்பிட மாட்டாள். எடை போதவில்லை என்று டீச்சருக்குத் தினமும் கவலை. அன்று அவள் ஒரு பிடி சோற்றைப் பெரியவரிடம் நீட்டினாள். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து வாங்கித் தின்றார். "இப்ப உன் முறை" என்றார். அவள் தின்றாள். தட்டு காலியாகும் வரை இருவரும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. நான் ஒரு தட்டை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன்பிறகு தினமும் வந்தார். முட்டை நாளில் முட்டையை மட்டும் தொடமாட்டார். "அது புள்ளைங்களுதும்மா" என்பார். சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவிவிட்டுப் போவார்.

மீன் விற்ற அம்மா சும்மா விடவில்லை.

"இன்னா நயினா, மூணு மாடி வாடகை உட்டுக்கினு இங்க வந்து குந்திக்கினு கீற? உன் ஊட்ல அடுப்பு பத்தலியா?"

"உன் வாய் கீதே, அதுக்கு ஒரு தாழ்ப்பா போடணும்" என்பார் அவர், சிரித்துக்கொண்டே.

அவர் வீட்டில் அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஒரு முறை ஏணி கேட்கப் போனபோது பார்த்தேன். மேசைமேல் ஹாட்பாக்ஸ், தண்ணீர், கவிழ்த்து வைத்த தட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. மருமகளிடமிருந்து போன் வந்தது. "மாமா, சாப்டீங்களா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. "ஆச்சும்மா" என்றார். ஹாட்பாக்ஸைத் திறக்கவே இல்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் கவனித்துவிட்டார். "தனியா குந்துனா எறங்க மாட்டேங்குதும்மா" என்றார். அந்த மருமகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறவள். அதற்குமேல் அவள் என்ன செய்வாள்?

டீச்சருக்குத்தான் பயம். "அக்கா, மேடம் வந்து பார்த்தா நம்ம ரெண்டு பேருக்கும் மெமோதான். அவரு பென்ஷன்காரரும் இல்ல, கொழந்தையும் இல்ல. யாருன்னு சொல்றது?" என்பார். நியாயமான பயம்தான். இந்தச் சோறு பிள்ளைகளுக்கென்று வருவது. ஆனால் அவரை வர வேண்டாம் என்று சொல்ல டீச்சராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

ஒரு நாள் மேற்பார்வை மேடம் சொல்லாமல் வந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பெரியவர். நான் இரண்டாம் முறையாக அவர் தட்டில் தக்காளி சாதம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கரண்டி அப்படியே நின்றது.

"இவர் யாரு?" என்றார் மேடம்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அதிகாரிகள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற நான், எப்படியோ பேசிவிட்டேன்.

"ருசி பாக்க வந்திருக்காரு மேடம்."

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் யாராவது ருசி பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தினமும் டீச்சரும் நானும் பார்ப்போம். தெருவில் உள்ளவர்களும் வந்து பார்க்கலாம்.

மேடம் தட்டைப் பார்த்தார். "ருசி பாக்கறவரு ரெண்டாவது தரம் வாங்கறாரே?"

வாசலில் தூக்குவாளியோடு நின்ற மீன்கார அம்மா சொன்னார்: "நல்லாப் பாத்தாதான மேடம் தெரியும்!"

மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எப்படி சார் இருக்கு சாப்பாடு?"

"நல்லா கீதும்மா. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. தினம் வாங்க. ஆனா பிள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னாடியே வந்து பாத்துடுங்க. ஒரு வாய் போதும்." மேடம் அதை மரியாதையாகத்தான் சொன்னார். எங்களுக்கு மெமோவும் கொடுக்கவில்லை. சமையலறையைப் பார்த்துவிட்டு, எடை பார்க்கும் கருவியைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா!" எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெரியவர் மிச்சச் சோற்றைச் சாப்பிடாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனதை அந்தப் பெருமையில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தாம்பரத்தில் என் வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு அரிசி, ஒரு முதியவருக்கு எவ்வளவு அரிசி என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். அது சரியான அளவுதான். பசித்த பிள்ளைக்கு வந்ததைப் பசிக்காதவருக்குப் போடக்கூடாது என்பதும் சரிதான். ஆனால் அவருக்கும் பசி இருந்தது. சோறு வீட்டில் இருந்தும் தீராத பசி. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மேடத்துக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியவில்லை. அவரைக் காப்பாற்ற, ருசி பார்ப்பது என்று நான் ஒரு வேலை கொடுத்தேன். இத்தனை நாள் அவர் வேலையில்லாமல்தான் எங்களோடு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு அவர் வந்ததும், மேடம் சொன்னதை விடுங்கள், எப்போதும்போல உட்காருங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் சீக்கிரமே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சமையலறை வாசலில் நின்றபடியே உள்ளங்கையில் கொஞ்சம் சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். "உக்காருங்க ஐயா" என்றேன். "மேடம் ஒரு வாய்தானம்மா சொன்னாங்க" என்றார். உப்பு சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தச் சின்னப் பெண் பாதித் தட்டுதான் சாப்பிட்டாள்.